கப்பல்வரைக்கும் வந்தவர்களுக்கு

கிறிஸ்துவுக்குள் அன்பான சபையாருக்கும், பொறையார் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் "விசா வந்துடுச்சா?" என்று கேட்ட எல்லாருக்கும் ஸ்தோத்திரம்.

நான் ஜெர்மனிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இந்த மடலை வந்த முதல் வாரமே எழுத நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் அழுகை வந்தது, மூடி வைத்துவிட்டேன். இப்போது முதல் பருவத் தேர்வு முடிந்துவிட்டது. அழுகையும் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், அது சீக்கிரம் முடிகிற விஷயம். இங்கே அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் இல்லை என்று எல்லாரும் சொன்னார்கள். உண்மைதான். ஆனால் ஒரு வருடச் சாப்பாட்டுக்கும் வாடகைக்குமாக 11,904 யூரோவை முன்னதாகவே ஒரு கணக்கில் போட்டுக் காட்டிய பிறகுதான் எனக்கு விசா கிடைத்தது. அதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். நம் பணத்தில் மொத்தம் பத்து லட்சத்துக்கும் மேல். அப்பா குறுவை அறுவடைப் பணத்தையும் அம்மாவின் வளையல்களையும் சேர்த்துப் பார்த்தும் பெரிய துண்டு விழுந்தது. மாதர் சங்கத்து அம்மாக்கள் பலகாரம் சுட்டு விற்றதும், கைமாற்றாகக் கொடுத்த மூன்று வீட்டாரும், எனக்குத் தெரியக்கூடாது என்று உபதேசியார் கையில் உறை கொடுத்தனுப்பியவரும் சேர்ந்துதான் அதை அடைத்தீர்கள். உறை கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்.

சரி, உண்மையில் எழுத வந்தது வேறு.

கிளம்புவதற்கு முந்தைய ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை முன்னால் நிறுத்தி ஜெபித்தீர்கள். தரங்கம்பாடியில் நம் புதிய எருசலேம் ஆலயத்தில், ஜெர்மனியிலிருந்து முதல் புராட்டஸ்டண்ட் மிஷனெரியாக வந்த சீகன்பால்கு ஐயரின் கல்லறைக்குப் பக்கத்தில்தான் நின்றேன். சின்ன வயதில் ஓய்வுநாள் பள்ளிக்கு வந்து விளையாடி, திட்டு வாங்கிய அதே இடம். அங்கே நின்று விக்கி விக்கி அழுதேன். வெளியே வந்ததும் ஒருவர், நல்லெண்ணத்தில்தான், "விசுவாசம் இருக்கிற பிள்ளை இப்படி அழலாமா?" என்றார். அது எனக்குள் முள்ளாகத் தைத்தது. விசுவாசம் குறைவாக இருப்பதால்தான் அழுகிறேனோ என்று இரண்டு நாள் யோசித்துக்கொண்டே பெட்டி அடுக்கினேன்.

அந்த முள்ளை எடுத்தது எங்கள் பெரியப்பா. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர், உங்களுக்கெல்லாம் தெரிந்தவர்தான். வேதாகமத்தைத் திறந்து அப்போஸ்தலர் 20-ஐ எடுத்துக் கொடுத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னார். பவுல் மிலேத்து பட்டணத்தில் எபேசு சபை மூப்பரிடம் விடைபெறுகிற இடம். எல்லாரும் முழங்கால்படியிட்டு ஜெபிக்கிறார்கள். அப்புறம் எல்லாரும் மிகவும் அழுது, அவர் கழுத்தைக் கட்டிக்கொள்கிறார்கள். பிறகு கப்பல்வரைக்கும் கூடவே போகிறார்கள். "இதுல யாராவது அழாதேன்னு சொல்றாங்களா பாரு" என்றார் பெரியப்பா. இல்லை. மூப்பர்கள், ஊர்ப் பெரியவர்கள், கடற்கரையில் நின்று அழுகிறார்கள். எழுதி வைத்தவர் அதை மறைக்கவும் இல்லை.

பிறகு அவருக்கே உரிய குறும்போடு 121-ஆம் சங்கீதத்தைச் சொன்னார். "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் இதுமுதற்கொண்டு என்றைக்குங் காப்பார்." கவனி, போக்கு, வரத்து ரெண்டும் இருக்கு, நம்ம போக்குவரத்துக் கழகத்தையே ஆண்டவர் கையில் எடுத்துக்கிட்டார், நீ ஏன் பயப்படறே என்று சிரித்தார். முப்பது வருஷம் டிக்கெட் கிழித்த மனுஷனுக்குத்தான் அந்த வசனத்தை அப்படி வாசிக்கத் தோன்றும். இப்போது அந்தச் சங்கீதத்தை எடுத்தாலே பெரியப்பாவின் விசில் சத்தம் கேட்கிறது. நன்றி பெரியப்பா.

நீங்களும் அந்த மூப்பர்கள் மாதிரியே செய்தீர்கள். பதினாறு பேர் வேன் பிடித்துச் சென்னை விமான நிலையம்வரை வந்தீர்கள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தே வந்தீர்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று அழுத முகங்களைப் பார்த்தபோது எனக்கு வெட்கம் போய்விட்டது.

படிக்கப் போகிற ஊர் ஹாலே என்று சொன்னபோது உங்களில் பலர் புருவம் உயர்த்தினீர்கள். பெர்லின் இல்லை, மியூனிக் இல்லை, ஏன் அங்கே? மண்ணைப் படிக்க வந்தவளுக்கு இது சரியான ஊர். 1878-இல் தொடங்கி இன்றுவரை ஒரே நிலத்தில் ரை தானியத்தையே பயிரிட்டு, மண் என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அப்பாவிடம் சொன்னபோது, "உளுந்துகூடப் போடாமலா?" என்று கேட்டார். அதுவும் நல்ல கேள்விதான்.

ஆனால் நம் ஊருக்கு ஹாலே அந்நியமே இல்லை. சீகன்பால்கு இங்கே படித்துவிட்டுத்தான் 1706-இல் தரங்கம்பாடிக் கரையில் இறங்கினார். இங்குள்ள பிராங்கே கல்வி நிறுவனத்தின் காப்பகத்தில் நம் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அதைவிட என்னை உலுக்கியது மலையப்பன் என்ற பெயர். 1714 அக்டோபரில் சீகன்பால்கு ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியபோது கூடப் போன நம் ஊர்ப் பையன். அடுத்த வருடம்தான் கரை இறங்கினார்கள். 1716-இல் இருவரும் தரங்கம்பாடிக்குத் திரும்பினார்கள். அதே வருடம் இங்கே ஹாலேயில் ஐயர் எழுதிய தமிழ் இலக்கணம் அச்சானது. ஐயர் போனதையும் வந்ததையும் நாம் ஆண்டுதோறும் பேசுகிறோம். மலையப்பனின் அம்மா அந்த இரண்டு வருடம் என்ன செய்திருப்பார்? ஒரு கடிதம் போய்ச்சேரவே அரை வருடத்துக்கு மேல் ஆன காலம் அது. எனக்கு வீடியோ அழைப்பு இருக்கிறது. இருந்தும் நவம்பர் மாதம் முழுக்கத் தேம்பினேன்.

அந்த நவம்பரைப் பற்றி மறைக்க விரும்பவில்லை. நான்கு பேர் இருக்கும் விடுதித் தளத்தில் யாரிடமும் பேசாமல் சில நாட்கள் போயின. "சமுத்திரத்தின் கடையாந்தரங்களிலே போய்த் தங்கினாலும், அங்கேயும் உமது கை என்னை நடத்தும்" என்று 139-ஆம் சங்கீதத்தைப் பயணத்துக்கு முன் பலர் எழுதிக் கொடுத்தீர்கள். இங்கே வந்து முழுதாக வாசித்தால், அதைப் பாடியவர் "உம்முடைய சமுகத்தைவிட்டு எங்கே ஓடுவேன்?" என்று கேட்டுவிட்டுத்தான் அந்த வரிக்கு வருகிறார். தப்பிக்கவும் முடியாது போல. இனிப்பான வாழ்த்து வரியாக நினைத்திருந்தபோது கிடைக்காத ஆறுதல், அப்படி வாசித்தபோது கிடைத்தது. ஜெபிக்க மனமில்லாத நாட்களிலும் நான் பிடிபட்டே இருந்தேன்.

இங்கே ஒரு பாட்டிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அவருக்குத் தமிழ் தெரியாது, நீங்களாவது வாசித்து அவருக்காக ஜெபியுங்கள். அக்டோபர் 31, லுத்தர் ஐயர் தொடங்கிய சபைச் சீர்திருத்தத்தை நினைக்கும் திருநாள், இந்த மாநிலத்தில் விடுமுறை. அன்று பக்கத்துக் கோயிலுக்குப் போனேன். முப்பது பேர்கூட இல்லை, பெரும்பாலும் நரைத்த தலைகள். ஆர்கனில் லுத்தர் ஐயர் பாட்டு தொடங்கியதும் எனக்கு வார்த்தை புரியவில்லை, ராகம் புரிந்தது. நம் ஞானப்பாட்டுப் புத்தகத்தில் அப்பா அடிக்குரலில் பாடுகிற அதே ராகம். நான் தமிழிலேயே பாடினேன். பக்கத்தில் நின்ற பாட்டி திரும்பிப் பார்த்தார், நிறுத்தச் சொல்லவில்லை. வெளியே வந்ததும் என் மெல்லிய ஸ்வெட்டரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த வாரம் தன் மகளின் பழைய குளிர்கோட்டைக் கொண்டுவந்து போட்டுவிட்டார். கிழக்கு ஜெர்மனிக் காலத்தில் கோயிலுக்குப் போகிற பெண் என்பதால் அவருக்குப் பல்கலைக்கழக இடம் மறுக்கப்பட்டதாம். அதனால்தானோ என்னவோ, என் மதிப்பெண்களை என் அம்மாவைவிட அக்கறையாகக் கேட்கிறார்.

அப்புறம் அம்மா. டிசம்பரில் இங்கே நாலு மணிக்கே இருட்டிவிடும். அந்த நேரம் அங்கே எட்டரை, நம் வீட்டில் குடும்ப ஜெபம். அம்மா போனை வேதாகமத்தின் மேல் சாய்த்து வைப்பார். பெரும்பாலும் விட்டத்து மின்விசிறிதான் எனக்குத் தெரியும். தம்பி வசனம் தப்பாக வாசிப்பதும், தெருவில் ஐஸ் வண்டி மணியும், அப்பாவின் ஆமெனும் கேட்கும். ஒருநாள்கூட நீங்கள் அந்த அழைப்பை விட்டதில்லை அம்மா.

மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். அன்றிலிருந்து உங்கள் எட்டரை எனக்கு ஐந்து மணி. ஜெப நேரத்தை மாற்ற வேண்டாம், வகுப்பு இருந்தால் நான் வெளியே வந்துகொள்கிறேன்.

உங்கள் சபைப் பிள்ளை
ஹாலே, ஜெர்மனி