மூன்றாம் சீசனைத் திட்டுவதற்கு முன்

பழைய அறிவியல் புனைவுத் தொடர்களை மறுபடி பார்த்து, சொதப்பிய எபிசோடுகளுக்கு மதிப்பெண் போடும் குழுவினருக்கு,

வணக்கம். 1966 முதல் 1969 வரை ஓடிய 'ஸ்டார் ட்ரெக்' மூலத் தொடரில் மொத்தம் 79 எபிசோடுகள். தேறாதவை எவை என்று கேட்டால், மூன்றாம் சீசனின் 'ஸ்பாக்ஸ் பிரெய்ன்' (விண்கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக்கின் மூளை களவுபோகும் கதை) முன்வரிசையில் வந்து நிற்கிறது. நிற்கட்டும், எங்களுக்கும் மறுப்பில்லை. ஆனால் "மூளையைத் திருடிக்கொண்டு போவதாம், அபத்தம்" என்ற ஒற்றை வரியோடு விமர்சனத்தை முடித்துவிடுகிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. உரோமப் பந்து போன்ற பிராணிகள் குட்டி போட்டுப் போட்டுக் கப்பலை நிரப்பிய கதையை இதே தொடரில் ரசிக்கத்தானே செய்கிறோம்?

அந்த எபிசோடு எங்கே சறுக்குகிறது என்று பாருங்கள். ஸ்பாக்கின் உடல் தாங்குவது 24 மணி நேரம்தான் என்று கெடு வைத்தாயிற்று. திருடியவர்களின் தடம் ஒரு விண்மீன் மண்டலத்தில் முடிகிறது. அங்கே உயிர் வாழத்தக்க கோள்கள் மூன்று. கடிகாரம் ஓடிக்கொண்டிருக்க, கட்டுப்பாட்டு அறையில் நின்றபடி ஒவ்வொரு கோளாகப் பேசுகிறார்கள், பேசுகிறார்கள். கடைசியில் கேப்டன் கிர்க் உள்ளுணர்வை நம்பிப் பனிக்கோளைத் தேர்ந்தெடுக்க, அதுவே சரியாகவும் போய்விடுகிறது. துப்புத் துலங்க வேண்டிய இடத்தில் குருட்டு அதிர்ஷ்டம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. கெடுவின் பதற்றம் அங்கேயே செத்துவிடுகிறது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் ஸ்பாக்கின் தலைமுடி கலையாமல் இருப்பதைப் பார்த்துச் சிரிப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அடுத்தது காரணம். மூன்றாம் சீசன் என்றாலே தயாரிப்பாளர் ஃப்ரெட் ஃப்ரைபெர்கரின் தலையில் பழியைப் போடுவது வழக்கமாகிவிட்டது. ஒளிபரப்பிய என்பிசி தொலைக்காட்சி தொடரை வெள்ளி இரவு 10 மணிக்குத் தள்ளியது. அந்த நேரத்தில் இளவட்டம் வீட்டில் இருக்குமா? தொடரை உருவாக்கிய ஜீன் ராடன்பெரி அன்றாடப் பொறுப்பிலிருந்து ஒதுங்கினார். பணமும் குறைந்தது. ஆனால் பணம் குறைந்தால் கதையும் கெட்டுத்தான் ஆகவேண்டும் என்றில்லை. 'ஸ்பெக்டர் ஆஃப் த கன்' எபிசோடில் முன்சுவர் மட்டும் நிற்கும் கட்டடங்கள், பின்னால் சிவப்பு வானம். அந்த ஊரே கிர்க்கின் மனதிலிருந்து வேற்றுக்கோளார் அரைகுறையாக எடுத்துக் கட்டியது என்று கதை காரணம் சொல்லிவிடுவதால், பாதி செட்டே பயமுறுத்துகிறது. அதே ஃப்ரைபெர்கரின் சீசனில்தான் பேர் வாங்கிய 'த தோலியன் வெப்'பும் 'ஆல் அவர் யெஸ்டர்டேஸ்'உம் வந்தன. மறுபக்கம், அமெரிக்கக் கொடியைத் தூக்கிவந்து கதையைக் கவிழ்த்த 'த ஒமேகா குளோரி' இரண்டாம் சீசனைச் சேர்ந்தது. எழுதியவர் சாட்சாத் ராடன்பெரியே.

எந்தப் பிரதியைப் பார்த்தீர்கள் என்பதையும் முதல் வரியிலேயே குறிப்பிடுங்கள். முழு எபிசோடு சுமார் 50 நிமிடம். மறு ஒளிபரப்புக்காக, விளம்பரத்துக்கு இடம்விட்டு நறுக்கிய பிரதிகளும் உண்டு. காட்சி திடீரென்று தாவினால், எடிட்டரைத் திட்டுமுன் ஓடும் நேரத்தைப் பாருங்கள். 2006-இல் தொடங்கிய புதுப்பிப்பில் விண்வெளிக் காட்சிகளைக் கணினி வரைகலையில் புதிதாகச் செய்தார்கள். அதைப் பார்த்துவிட்டு "அந்தக் காலத்திலேயே என்ன கிராஃபிக்ஸ்!" என்று எழுதினால் பாராட்டு ஆள் மாறிப் போகிறது. ப்ளூ-ரே தட்டில் பழையதையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார்க்கும் வசதி இருக்கிறது.

வரிசையும் குழப்பும். தொடருக்கு முன் இரண்டாவது பைலட்டாக (சோதனை எபிசோடாக) எடுத்ததை மூன்றாவது வாரத்தில்தான் ஒளிபரப்பினார்கள். ஒளிபரப்பு வரிசையில் பார்ப்பவருக்கு, சீருடை மாறி, மருத்துவர் மெக்காய் காணாமல் போய், ஏதோ கவனக்குறைவு போலத் தோன்றும்.

பார்க்கும் முறைக்கு எங்கள் யோசனை இது: முதல் தடவை நிறுத்தாமல் பாருங்கள். இரண்டாம் தடவை தாளும் பேனாவுமாக உட்காருங்கள். ஒவ்வொன்றும் ஒரு முன்னோட்டக் காட்சி, பிறகு நான்கு பகுதிகள் என்று கட்டப்பட்டது. ஒவ்வொரு பகுதி முடியும்போதும் இப்போது விடை தெரியவேண்டிய கேள்வி என்ன என்று ஒரு வரி எழுதுங்கள். எழுத வரவில்லையென்றால் கதை நொண்டும் இடம் அதுதான், நிமிடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பழக, முதல் சீசனின் 'த ஆல்டர்னேட்டிவ் ஃபேக்டர்' பொருத்தமானது. கப்பலுக்கு வந்துசேரும் மர்ம மனிதன் லாஸரஸாக நடிக்க வேண்டியவர் படப்பிடிப்புக்கு வரவே இல்லை. கடைசி நேரத்தில் இன்னொருவரைப் பிடித்துவந்தார்கள். அவருடைய தாடியை மட்டும் கவனியுங்கள், ஒரு காட்சியில் அடர்த்தி, அடுத்ததில் வெறும் இழை. ஆனால் தாடியை மன்னித்துவிடலாம். சந்தேகத்துக்குரிய ஆள் காவலே இல்லாமல் கப்பலெங்கும் திரிகிறானே, அதற்குக் கதையில் ஒரு காரணமும் இல்லை. அதை எழுதுங்கள். அடுத்த வாரமே, 1967 ஏப்ரல் 6 அன்று, ஒளிபரப்பானது, தொடரின் உச்சம் என்று பலரும் கொண்டாடும் 'த சிட்டி ஆன் த எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்'. இரண்டையும் ஒரே இரவில் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுங்கள்.

இப்படிக்கு,
மூன்றாம் சீசனைக் கைவிடாத சிலர்