கம்பை உள்ளே வைக்கச் சொல்

சீட்டா கேம்ப், டிராம்பே,
மும்பை.

அன்புள்ள நெட்டச்சிக்கு,

உன் கடிதம் வந்தது. மூட்டுவலிக்கு நீ எழுதிய எண்ணெயைத் தேய்க்கிறேன். வலி குறைந்ததோ இல்லையோ, வீடு முழுக்க நாட்டு மருந்துக்கடை வாசம். மருமகள் ஒன்றும் சொல்லவில்லை, ஜன்னலை மட்டும் சாத்துவதில்லை. சின்னவன் வாஷியில் வேறு வேலைக்குப் போகிறான். பெரியவள் பிள்ளைக்கு மொட்டை போட்டாயிற்று. என் பக்கம் இவ்வளவுதான்.

உன் பக்கத்துச் செய்திதான் மனசில் ஓடிக்கொண்டே இருக்கிறது. தெருவில் அடுத்தடுத்துப் பூட்டை உடைத்திருக்கிறார்கள். குடியிருப்போர் சங்கம் கூடியிருக்கிறது. பையன்கள் ராத்திரி கம்போடு சுற்றப் போகிறார்கள். உன்னைத் துணைத்தலைவி ஆக்கிவிட்டு, "பம்பாயில் உன் சிநேகிதி போலீஸ் பஞ்சாயத்தில் இருந்தவளாமே, கேட்டு எழுது" என்றும் சொல்லியிருக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். முதல் வேலையாக அந்தக் கம்பை உள்ளே வைக்கச் சொல்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு இங்கே நடந்ததெல்லாம் உனக்கு முழுசாகத் தெரியாது. நமக்குப் போலீஸ் என்றால் 1976தானே? எமர்ஜென்சியில், அணுசக்தி நிலையத்துக்கு இடம் வேண்டும் என்று ஜனதா காலனியை இடித்து நம்மை இங்கே கொண்டுவந்து கொட்டினார்களே, அந்த மே மாதம். உங்கம்மா இட்லிக் கொப்பரையை மடியில் வைத்துக்கொண்டு லாரியில் உட்கார்ந்திருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. காக்கிச் சட்டையைப் பார்த்தாலே ஒதுங்கிப் போகப் பழகியவர்கள் நாம். நகை தொலைந்தாலும் புகார் கொடுக்கப் போக மாட்டோம்; போனால் நம்மிடமே ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

2004இல் ஏ.என்.ராய் மும்பைக் கமிஷனராக வந்தார். அதற்கு முன் புனேயில் இருந்தபோதே குடிசைப் பகுதிகளில் போலீஸ் பஞ்சாயத்து என்று ஒன்றைத் தொடங்கியிருந்தார். அதை இங்கே வேர்பிடிக்க வைத்தது நம்ம ஜாக்கின் அற்புதம் அண்ணனின் குடிசைவாசிகள் சம்மேளனமும் அதோடு சேர்ந்த மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும். (அண்ணன் 2018இல் போய்விட்டார். பத்மஸ்ரீ, மகசேசே விருதெல்லாம் வாங்கியும் கடைசிவரை நம்ம ஆள்தான்.) பஸ்திக்கு, அதாவது ஒரு குடிசைப் பகுதிக்கு, பத்துப் பேர்: ஏழு பெண்கள், மூன்று ஆண்கள். கூட அந்தப் பகுதியில் ரோந்து வரும் பீட் போலீஸ்காரர் ஒருவர். உட்கார இடம் கொடுப்பது பஸ்தியின் பொறுப்பு.

ஏழு பெண்கள் என்றதும் இங்கே ஆண்கள் சிரித்தார்கள். ஆனால் யோசித்துப் பார். யார் வீட்டில் என்ன சத்தம், யார் பையன் பள்ளிக்கூடம் போகாமல் எங்கே நிற்கிறான், புதிதாக வந்த குடும்பத்தில் எத்தனை தலை, இதெல்லாம் குழாயடியில் நிற்கிறவளுக்குத்தானே தெரியும்? உன் சங்கத்து நிர்வாகிகள் பட்டியலைப் பார்த்தேன். உன்னைத் தவிர எல்லாம் வேட்டி.

எங்களுக்குக் கிடைத்தது பால்வாடிக்குப் பக்கத்தில் ஒரு அறை. ஒரு மேஜை, ஒரு பதிவு நோட்டு, தொப்பியை மாட்ட ஹவல்தாருக்கு (அந்தப் போலீஸ்காரரைத்தான் சொல்கிறேன்) ஒரு ஆணி. முதல் வாரங்களில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு ஒருத்தி வந்தாள். மாடிக்குப் போகும் இரும்பு ஏணியைப் பக்கத்து வீட்டுக்காரன் அவள் வாசலை மறித்துப் போட்டுவிட்டான். அவள் தமிழ், அவன் உத்தரப் பிரதேசத்து முஸ்லிம். பேச்சு ஏணியில் தொடங்கிச் சாதி, மதம், ஊர் என்று போய், இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்துவிட்டது. நாங்கள் போய் நூல் பிடித்து அளந்து, ஏணியை ஒன்றரை அடி நகர்த்தி வைத்தோம். வெல்டிங் கூலி ஆளுக்குப் பாதி. ஹவல்தார் வாயே திறக்கவில்லை. அவர் தொப்பி ஆணியில் தொங்கியதே போதுமாக இருந்தது.

திருடனைப் பற்றிக் கேட்டால் இவள் ஏணிக் கதை சொல்கிறாளே என்று நினைக்காதே. 92, 93 இந்து-முஸ்லிம் கலவரத்தில் இந்த ஊரில் 900 பேர் செத்தார்கள், ஸ்ரீகிருஷ்ணா கமிஷன் கணக்கு அது. அதே சமயம் பக்கத்துப் பிவண்டி அமைதியாக இருந்தது. 1984இல் ரத்தம் ஓடிய ஊர் அது! இடையில் சுரேஷ் கோப்டே என்ற போலீஸ் அதிகாரி அங்கே தெருத் தெருவாக மொஹல்லா கமிட்டி (தெருவாசிகள் குழு) போட்டு, இரண்டு மதத்துக்காரர்களையும் ஓயாமல் ஒன்றாக உட்கார வைத்திருந்தார். அதைப் பார்த்துத்தான் 1994இல் கமிஷனர் சதீஷ் சாஹ்னி, ஓய்வுபெற்ற ஜூலியோ ரிபெய்ரோ, சுஷோபா பார்வே இவர்களெல்லாம் மும்பையிலும் மொஹல்லா கமிட்டி தொடங்கினார்கள். போலீசும் பஸ்திப் பையன்களும் கிரிக்கெட் ஆடினார்கள். கேலியாகத் தெரியும். ஆனால் நேற்று உன்னைப் போல்ட் ஆக்கியவன் இன்று உன் தெருவில் லத்தியோடு நின்றால், பேர் சொல்லிக் கூப்பிடலாம் இல்லையா?

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று சொல்ல மாட்டேன். ஹவல்தாரை மாற்றிவிடுவார்கள், புதிதாக வருபவருக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டும். கட்சிக்காரர்கள் உள்ளே வந்தார்கள். பல இடங்களில் கமிட்டி என்பது கணபதிக்கும் ஈதுக்கும் முன்னால் கூடி, டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டு, சாஹேப் கூட போட்டோ எடுத்துக்கொண்டு கலைவதாக ஆகிவிட்டது. போட்டோவுக்கு மட்டும் முன்வரிசையில் நிற்கிறவனை உங்கள் சங்கத்திலும் அடையாளம் வைத்துக்கொள்.

இனி கம்பு விஷயம். உனக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை, சாத்தான்குளம் உனக்குப் பக்கம்தானே. 1993இல் ராமநாதபுரத்தில் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் பிலிப் 'ஃபிரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ்' தொடங்கியபோது நல்ல நோக்கம்தான். ஜனங்களுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் பயமில்லாமல் போய்வர ஆள் வேண்டும் என்பது. 2020 ஜூனில் என்ன ஆனது? ஊரடங்கில் கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்தார்கள் என்று பிடித்துப் போன ஜெயராஜும் மகன் பென்னிக்சும் உயிரோடு திரும்பவில்லை. அதில் இந்தத் தன்னார்வலர்களுக்கும் பங்கு உண்டு என்று குற்றச்சாட்டு எழுந்து, ஜூலையிலேயே அரசு அந்த அமைப்புக்குத் தடை போட்டது. அந்தக் குற்றச்சாட்டு எவ்வளவு தூரம் உண்மை என்பது கோர்ட்டுச் சமாச்சாரம். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: போலீசுக்குப் பக்கத்தில் நின்று பழகிய பையனுக்கு, சம்பளமும் பயிற்சியும் பொறுப்பும் இல்லாமல் அதிகாரம் மட்டும் தொற்றிக்கொள்கிறது. உங்கள் பையன்களுக்கு டார்ச்சும் விசிலும் போதும்.

சட்டமும் கொஞ்சம்தான் இடம் கொடுக்கிறது. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமலே போலீஸ் பிடிக்கக்கூடிய குற்றத்தை ஒருவன் உன் கண்ணெதிரே செய்தால் நீயே பிடித்து வைக்கலாம். ஆனால் தாமதிக்காமல், அதிகம் போனால் 6 மணி நேரத்துக்குள், போலீசிடம் ஒப்படைத்தாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 43ஆம் பிரிவு, 2024 ஜூலையிலிருந்து வந்த புதுச் சட்டத்தில் 40; அந்த 6 மணி நேரக் கெடு புதுச் சட்டத்தில்தான் இருக்கிறது. அடிப்பதற்கு எங்கேயும் இடமில்லை. "சந்தேகமா இருந்துச்சு" என்பதும் குற்றம் இல்லை.

அந்தச் சந்தேகம்தான் எனக்குப் பெரிய பயம். 2018 ஜூலை 1ஆம் தேதி, இங்கே மகாராஷ்டிராவில் துலே மாவட்டத்து ராயின்பாடா கிராமம். பிச்சைக்கு வந்த நாடோடிச் சமூகத்து ஆட்கள் ஐந்து பேரைப் பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று பஞ்சாயத்து ஆபீஸ் அறையில் அடைத்து அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப்பில் வந்த வதந்தி. அடித்தவர்கள் எல்லாம் ஊரைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்திருப்பார்கள். நீ உன் கடிதத்தில், "கட்டட வேலைக்கு வந்த வடக்கத்தியான்கள் மேலதான் எல்லாருக்கும் சந்தேகம்" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டாய். ஏட்டி, நம்ம அப்பாக்களை லுங்கிக்காரன் என்று இந்த ஊர் விரட்டியது மறந்துபோச்சா? அறுபதுகளின் கடைசியில் உடுப்பி ஓட்டல்களின் கண்ணாடி உடைந்தபோது, இங்கே ஒவ்வொரு திருட்டுக்கும் முதல் சந்தேகம் மதராசி மேல்தான் என்று எங்கப்பா சொல்லுவார். அந்த வேலையாட்கள் தங்கியிருக்கும் ஷெட்டுக்கு நீயும் இன்னும் இரண்டு பெண்களும் ஒருநாள் சாயங்காலம் போய், மேஸ்திரியிடம் பேசி, இரண்டு பேரைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவர்களுடைய செல்போனும் கூலிப்பணமும்தான் அதிகம் திருட்டுப் போயிருக்கும், கேட்டுப் பார்.

எங்கள் பஞ்சாயத்தில் எனக்குப் பிடித்த வேலை எது தெரியுமா? கக்கூஸ் விளக்கு. பொதுக் கக்கூசுக்குப் போகும் சந்தில் கம்பத்து விளக்கு எரியாது. எட்டு மணிக்கு மேல் அங்கே 'பட்டன்' போட்டுக்கொண்டு பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள் (மாத்திரையைத்தான் இங்கே பட்டன் என்பார்கள்). பெண்பிள்ளைகள் சாயங்காலத்துக்கு மேல் தண்ணீரே குடிக்காது, போக வேண்டி வந்துவிடும் என்று. சைகை காட்டினார்கள், கையைப் பிடித்தார்கள் என்று புகார் மேல் புகார். ரோந்து வந்தால் ஓடிவிடுவார்கள், வண்டி போனதும் திரும்பி வருவார்கள். நாங்கள் வார்டு ஆபீசுக்கு நடையாய் நடந்தோம். எரியாத விளக்குகளை வரைபடம் மாதிரி ஒரு தாளில் குறித்து, ஹவல்தாரையும் கூட்டிக்கொண்டு போய்க் கொடுத்த பிறகுதான் வேலை நகர்ந்தது. விளக்கு எரிந்தது. கக்கூஸ் வாசலில் காசு வாங்க ஒரு அக்காவை ராத்திரி பதினொன்று வரை உட்கார வைத்தோம். பையன்கள் இடத்தை மாற்றிக்கொண்டார்கள். அவர்களில் இரண்டு பேரை அவர்கள் அம்மாக்களே மறுவாழ்வு மையத்துக்குக் கூட்டிப் போனார்கள், ஒருவன் தேறினான். ஒருத்தரையும் அடிக்கவில்லை, ஒரு கேசும் இல்லை.

அதனால் ரோந்துக்கு முன் உங்கள் தெருவில் ராத்திரி ஒருமுறை நடந்து பார். எந்த விளக்கு எரியவில்லை, எந்தக் காலிமனையில் முள் மண்டியிருக்கிறது, எந்த வீடு பூட்டியே கிடக்கிறது. வெளியூர் போகிறவர்கள் ஸ்டேஷனில் சொல்லிவிட்டுப் போகட்டும், எதிர்வீட்டிலும் சொல்லட்டும். "கல்யாணத்துக்கு நாலு நாள் ஊருக்குப் போறோம்" என்று குரூப்பில் போடாமல் இருந்தாலே பாதித் தொல்லை தீரும். உங்கள் பகுதிக்கு எந்தப் போலீஸ்காரர் பீட், அவர் நம்பர் என்ன, ரோந்து வரும்போது அவர் கையெழுத்துப் போடும் பட்டா நோட்டு எந்த வீட்டில் இருக்கிறது, அதில் கடைசியாக எப்போது கையெழுத்து விழுந்தது என்று பார். கையெழுத்து இல்லையென்றால் அதை எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போங்கள். அவர்கள் செய்ய வேண்டிய ரோந்தை உங்கள் பையன்கள் தலையில் கட்டிவிட்டுச் சும்மா இருக்க விடாதே. உடைத்த வீடுகளுக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்களா? நீ அதைப் பற்றி எழுதவே இல்லை. வெறும் மனு ரசீது கொடுத்து அனுப்பியிருந்தால் திரும்பப் போகச் சொல். எல்லை எங்களது இல்லை என்று சாக்குச் சொல்லவும் வழியில்லை. எந்த ஸ்டேஷனிலும் புகாரை எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும்.

இன்னொன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கமிட்டி என்று ஒன்று வந்துவிட்டால் எல்லாரும் எல்லாவற்றையும் அங்கே பேசி முடிக்கத்தான் பார்ப்பார்கள். குடித்துவிட்டுக் கத்துகிறவனை உட்கார வைத்துப் பேசலாம். பெண்டாட்டி கையை உடைத்தவனிடம் என்ன சமரசம்? இங்கே ஒரு சின்னப் பெண்பிள்ளை விஷயம் வந்தது. மாமன் முறைக்காரன். "மானம் போயிரும், அவனை ஊருக்கு அனுப்பிடுறோம், இத்தோட விடுங்க" என்று பெரியவர்கள் கையைப் பிடித்தார்கள். குழந்தையிடம் அப்படி நடந்தது தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் நமக்கும் தண்டனை உண்டு, 2012 போக்சோ சட்டத்தில். அதைச் சொல்லித்தான் நான் எழுந்து ஸ்டேஷனுக்குப் போனேன். அந்த வீட்டார் இன்றைக்கும் என்னோடு பேசுவதில்லை. அந்தப் பிள்ளை இப்போது நர்சிங் படிக்கிறது.

பூட்டுத் திருடனைவிடப் போன் திருடன்தான் இப்போது அதிகம். எங்கள் செக்டரில் தனியாக இருக்கும் ரிட்டயர்டு வாத்தியாரை, சி.பி.ஐ. என்று சொல்லி வீடியோவில் 'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்து உட்கார வைத்துவிட்டான் ஒருவன். காலையில் இட்லி கொடுக்கப் போனவள், கதவு திறக்கவில்லை, உள்ளே இந்தியில் அதட்டல் கேட்கிறது என்று சொன்னதும் நாலு பேர் போய்த் தட்டினோம். பாங்க் போக வேட்டியெல்லாம் மாற்றித் தயாராக இருந்தார் மனுஷன். அப்படி ஒரு அரெஸ்ட் சட்டத்திலேயே கிடையாது என்று உங்கள் தெருப் பெரியவர்களிடம் வீடு வீடாகச் சொல். பணம் போய்விட்டால் அந்த நிமிஷமே 1930க்குப் போன். மற்ற அவசரத்துக்கு 112. பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டச் சொல்.

பொங்கலுக்குச் சின்னவன் நாகர்கோவில் எக்ஸ்பிரசில் டிக்கெட் போடுகிறேன் என்கிறான். கிடைத்தால் உன் கூட்டம் ஒன்றில் நானும் வந்து பின்வரிசையில் உட்காருகிறேன். அதற்குள் இன்னும் நாலு பெண்களையாவது நிர்வாகத்தில் சேர்த்துவிடு. தலைவர் முரண்டு பிடித்தால் என்னிடம் போனைக் கொடு. உங்க வீட்டு அண்ணனுக்குச் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று நீ எழுதவில்லை, அடுத்ததில் மறக்காமல் எழுது.

உன்,
குட்டச்சி