ஐரோப்பிய ரயில் டிக்கெட்டை யாரிடம் வாங்குவது? வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறைக்கு ஐரோப்பா போகிறவர்கள் எங்கள் கோவை அலுவலகத்தில் கேட்கும் கேள்விகளில் பாதி இப்போது ரயிலைப் பற்றித்தான். விமானம் முடிந்துவிட்டது, ஹோட்டல் முடிந்துவிட்டது, "ரயில் டிக்கெட்டை நாங்களே அந்தந்த ரயில்வே தளத்தில் போட்டுக்கொள்ளட்டுமா, இல்லை நீங்கள் போட்டுத் தருகிறீர்களா?" என்கிறீர்கள். சிலர் செல்போனை நீட்டி, "இங்கே இவ்வளவுதானே காட்டுகிறது, உங்கள் பில்லில் ஏன் கூடுதல்?" என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆளுக்கு ஆள் பதில் சொல்வதைவிட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்றுதான் இந்த மடல்.

முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: நாங்களும் இடையில் நின்று விற்பவர்கள்தான். டிக்கெட் போட்டுக் கொடுத்தால் எங்களுக்குச் சேவைக் கட்டணம் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள்.

நம் ஊரில் கன்னியாகுமரியிலிருந்து ஜம்மு வரை எங்கே போனாலும் ஐஆர்சிடிசி ஒன்றே வாசல். ஐரோப்பாவில் அப்படி ஒரு வாசல் கிடையாது. ஜெர்மனிக்கு டாய்ச்சே பான், பிரான்ஸுக்கு எஸ்என்சிஎஃப், சுவிட்சர்லாந்துக்கு எஸ்பிபி, ஆஸ்திரியாவுக்கு ஓபிபி. இத்தாலியில் அரசின் ட்ரெனிதாலியாவோடு 2012 முதல் இட்டாலோ என்ற தனியார் நிறுவனமும் அதே தண்டவாளத்தில் ஓடுகிறது. ஸ்பெயினில் ரென்ஃபேக்குப் போட்டியாக 2021-ல் ஊய்கோவும் 2022-ல் இர்யோவும் வந்துவிட்டன. ஒவ்வொன்றுக்கும் தனித் தளம், தனிச் செயலி, தனி விதி. இந்தச் சிக்கலில்தான் ட்ரெயின்லைன், ரெயில் யூரோப், ஓமியோ போன்ற ஏஜென்ட் தளங்கள் பிழைக்கின்றன. எல்லா ரயில்வேக்களையும் ஒரே தேடலில் காட்டுவதுதான் அவர்கள் விற்கும் சரக்கு.

விலையில் பெரிய ரகசியம் எதுவும் இல்லை. அடிப்படைக் கட்டணம் பெரும்பாலும் ரயில்வேயிடமிருந்து அப்படியே வருகிறது. ஏஜென்ட் தளத்தில் வாங்கினால் அதன்மேல் பதிவுக் கட்டணம் ஒன்று ஏறும். தளம் ரூபாயில் விலை காட்டினால், யூரோவை ரூபாயாக்கும் இடத்தில் இன்னும் கொஞ்சம் ஏற வாய்ப்புண்டு. யூரோவிலேயே கட்டினாலும் நம் வங்கி சும்மா விடாது. பல கிரெடிட் கார்டுகளில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம் வரை போகிறது, அதற்கு ஜிஎஸ்டி வேறு. ஆகவே திரையில் தெரியும் விலையை எங்கள் பில்லோடு ஒப்பிடாதீர்கள். கார்டு ஸ்டேட்மென்டில் கடைசியாக விழும் தொகையோடு ஒப்பிடுங்கள். அப்படிப் பார்த்தும் நேரடியாக வாங்குவதுதான் மலிவு என்றால் (பல நேரம் மலிவுதான்), தாராளமாக வாங்குங்கள்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், "நேரடி" என்பதே சில பாதைகளில் இரண்டு கடை. பெர்லினிலிருந்து பிராகுக்குப் போகும் ரயிலை ஜெர்மன் ரயில்வேயும் விற்கிறது, செக் ரயில்வேயும் விற்கிறது. அதே ரயில், அதே நாள், ஆனால் இருவரும் சொல்லும் விலை ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எல்லை தாண்டும் ரயில் என்றால் இரண்டு பக்கத்துத் தளங்களையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

சில டிக்கெட்டுகளை எங்களிடமும் வாங்க வேண்டாம், எந்த ஏஜென்ட் தளத்திலும் வாங்க வேண்டாம். இத்தாலியின் உள்ளூர் ரயில்கள் அதற்கு நல்ல உதாரணம். ஃப்ளோரன்ஸிலிருந்து பீசாவின் சாய்ந்த கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற ரெஜியோனாலே ரயிலுக்கு நிலையான கட்டணம். மூன்று மாதம் முன்பு வாங்கினாலும் அதே விலை, ஏறுவதற்குப் பத்து நிமிடம் முன்பு வாங்கினாலும் அதே விலை. இருக்கை முன்பதிவும் கிடையாது. ஃப்ளோரன்ஸின் சான்டா மரியா நொவெல்லா நிலையத்தில் இருக்கும் டிக்கெட் இயந்திரத்தில் மொழியை ஆங்கிலமாக மாற்றிக்கொண்டால் இரண்டு நிமிட வேலை. ஆனால் காகித டிக்கெட்டாக இருந்தால், ஏறும் முன் நடைமேடையில் இருக்கும் சிறிய பெட்டியில் நுழைத்து முத்திரை குத்திக்கொள்ள வேண்டும். காசு கொடுத்து வாங்கிய டிக்கெட் கையில் இருந்தும், முத்திரை இல்லாததால் அபராதம் கட்டுகிற சுற்றுலாப் பயணிகள் அங்கே ஏராளம். செல்போனில் வாங்கியிருந்தால் முத்திரைக்குப் பதில் ஏறும் முன் "செக்-இன்" அழுத்த வேண்டும்.

ஜெர்மனியில் மியூனிக் போகிறவர்களுக்குப் பயெர்ன் டிக்கெட். மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலம் முழுக்க ஒரு நாள், ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில், எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்கலாம். ஆஸ்திரியாவில் இருக்கும் சால்ஸ்பர்க் வரைக்கும் செல்லும் என்பது பலருக்குத் தெரியாது. வார நாளில் காலை 9 மணிக்கு மேல்தான் புறப்பட வேண்டும், ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. நான்கு பேர் கொண்ட குடும்பம் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டைக்கு ஃப்யூசன் ஊர் வழியாகப் போய்வர இதைவிடச் சரியான டிக்கெட் கிடையாது. ஏஜென்ட் தளத்தில் ஊர் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஆளுக்கொரு டிக்கெட்டாகக் கணக்குப் போட்டுக் காட்டும். டாய்ச்சே பானின் செயலியில் நேராக வாங்குங்கள்.

சுவிட்சர்லாந்துக்கு அதிகம் எழுத வேண்டியதில்லை. நாடு முழுக்கச் சுற்ற ஒரே சீட்டான சுவிஸ் டிராவல் பாஸ் எங்கே வாங்கினாலும் விலை ஏறக்குறைய ஒன்றுதான். பாஸில் ரிகி மலை இலவசம், யுங்ஃப்ராவ்யோக் மலை ரயில் நிலையத்துக்கு முழு இலவசம் கிடையாது, தள்ளுபடிதான். இது தெரியாமல் பாஸ் வாங்கிவிட்டு அங்கே போய்த் திகைக்காதீர்கள். பிரிட்டனில் எந்த ரயில் நிறுவனத்தின் தளத்திலும் நாட்டின் எல்லாப் பாதைகளுக்கும் டிக்கெட் கிடைக்கும். எடின்பரோவுக்குப் போவதற்குப் பதிவுக் கட்டணம் கட்டி வாங்கத் தேவையே இல்லை.

அப்படியென்றால் இடையில் இருப்பவர் எதற்கு? இரண்டு இடங்களில் உதவுவார். ஒன்று, பணம் கட்டும்போது. நம் ஊர் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை இயல்பாக மூடியே இருக்கும். 2020-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த ஏற்பாடு அது. வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். திறந்த பிறகும் சில ரயில்வே தளங்களில் வெளிநாட்டு கார்டு ஏறாமல் அடம்பிடிக்கும். இந்த விஷயத்தில் ஸ்பெயினின் ரென்ஃபே தளத்துக்கு உலகம் முழுக்கப் பயணிகளிடையே கெட்ட பெயர் உண்டு. ஏஜென்ட் தளங்களில் இந்தத் தொல்லை குறைவு. ஐரோப்பாவில் இறங்கிய பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் ஓடிபி வரும் இந்திய சிம்மில் ரோமிங் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு, நாடு விட்டு நாடு போகிற நீண்ட திட்டம். நான்கு நாடு, ஏழு ரயில் என்றால் ஒரே இடத்தில் பட்டியல் இருப்பது நிம்மதி. ஆனால் இந்த இடத்தில்தான் கவனமும் வேண்டும்.

ஈரோட்டிலிருந்து ஒரு குடும்பம் இத்தாலி போயிருந்தது. டிக்கெட்டை ஓர் ஏஜென்ட் தளத்தில் தாங்களாகவே வாங்கியிருந்தார்கள். வேலைநிறுத்தத்தால் ரயில் ரத்து. கவுன்டரில் போய்ப் பணத்தைத் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். "நீங்கள் வாங்கிய இடத்தில் கேளுங்கள்" என்று பதில். அந்தத் தளத்தில் தொலைபேசி எண் கிடையாது, சாட் மட்டும்தான். பதில் வருவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கடைசியில் புதிதாக டிக்கெட் எடுத்து ஊர் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து எங்களை அழைத்தார்கள். பழைய டிக்கெட்டின் பணம் பல வாரம் கழித்து வந்தது, பதிவுக் கட்டணம் போக.

கவுன்டரில் அவர்கள் கேட்டது தவறான கேள்வி. டிக்கெட்டின் பணம் விற்றவர் கையில் இருக்கிறது. உங்களை ஊர் சேர்க்கும் பொறுப்போ ரயில்வேயிடம் இருக்கிறது, டிக்கெட்டை யாரிடம் வாங்கியிருந்தாலும். ஆகவே ரயில் ரத்தானால் கவுன்டரில் "ரீஃபண்ட்" என்று ஆரம்பிக்காதீர்கள். "அடுத்த ரயிலில் மாற்றிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். 2023 ஜூன் 7 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியப் பயணி உரிமைச் சட்டம் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதமாகும் என்றால் முழுப் பணமா, மாற்று ரயிலா என்று தேர்ந்தெடுப்பது உங்கள் உரிமை. புறப்பட வேண்டிய நேரத்திலிருந்து 100 நிமிடத்துக்குள் மாற்று வழி எதுவும் அவர்கள் சொல்லவில்லையென்றால், வேறு ரயிலிலோ பேருந்திலோ நீங்களே போய், ஆன செலவைக் கேட்டு வாங்கலாம். ரசீதை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இதுபோக நஷ்டஈடு தனி. 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதம், 120 நிமிடத்துக்கு 50. இதை ரயில்வேயிடம்தான் கேட்க வேண்டும், மூன்று மாதத்துக்குள். கடும் புயல் வெள்ளம் போன்ற காரணங்களுக்கு நஷ்டஈடு கிடையாது. ஆனால் ரயில்வே ஊழியர்களின் வேலைநிறுத்தம் அந்த விலக்கில் வராது. ஊருக்குத் திரும்பிய களைப்பில் இதை விட்டுவிடுகிறவர்கள்தான் அதிகம்.

நீண்ட திட்டத்தில் இன்னொரு கண்ணி, இணைப்பு ரயில். ஜூரிக்கிலிருந்து மிலான், மிலானில் மாறி ஃப்ளோரன்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏஜென்ட் தளம் அதை ஒரே பயணமாக, ஒரே விலையாக அழகாகக் காட்டும். உள்ளே பார்த்தால் இரண்டு தனி டிக்கெட்டாக இருக்கலாம். முதல் ரயில் தாமதித்து, மிலானில் நீங்கள் ஏற வேண்டிய ஃப்ரெச்சாரோஸ்ஸா (ட்ரெனிதாலியாவின் அதிவேக ரயில்) கிளம்பிவிட்டால்? மலிவான சூப்பர் எகானமி டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்கு மட்டுமே செல்லும், மாற்றவும் முடியாது. ஒரே டிக்கெட்டாக இருந்தால் அடுத்த ரயிலில் ஏற்றுவது அவர்கள் பாடு. தனித்தனி என்றால் பெரும்பாலும் உங்கள் பாடு. தனித்தனி ஒப்பந்தம் என்று சொல்லாமலே ஒரே பணப்பரிவர்த்தனையில் விற்றிருந்தால், முழுப் பணத்தோடு அதில் 75 சதவீதத்தையும் சேர்த்து விற்றவர் கொடுக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் பணம் கட்டும் பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த வரியைப் போட்டுவிடுகிறார்கள். அந்த வரியைத் தேடிப் படியுங்கள். அது இருந்தால் இணைப்புக்கு ஒன்றரை மணி நேரமாவது விடுங்கள். முதல் ரயில் தாமதமானால் உள்ளே இருக்கும் கண்டக்டரிடமே அதை எழுதி வாங்கிக்கொள்வதும் நல்லது. பெரிய ரயில்வேக்கள் தங்களுக்குள் ஒரு புரிந்துணர்வு வைத்திருக்கின்றன, சர்வதேசப் பயணங்களில் அந்தச் சீட்டைக் காட்டினால் அடுத்த ரயிலில் ஏற்றிக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

ஜெர்மனியிலும் மலிவு டிக்கெட் ஒரே ரயிலுக்குத்தான். ஆனால் போய்ச் சேரும் இடத்தை 20 நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாக அடைவீர்கள் என்று தெரிந்தால் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும், வேறு ரயிலில் ஏறிக்கொள்ளலாம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஒன்று: 6 முதல் 14 வயதுப் பிள்ளைகள் பெரியவர் துணையோடு அங்கே நீண்டதூர ரயில்களில் இலவசம். ஆனால் பதிவு செய்யும்போதே அவர்களையும் டிக்கெட்டில் சேர்த்திருக்க வேண்டும். "இலவசம்தானே" என்று விட்டுவிட்டு ஏறினால் வம்பு.

அப்புறம் பெயர். நம் ஆட்களுக்கு இனிஷியல் என்பது தலைமுறை தலைமுறையாக வரும் தலைவலி. டிக்கெட்டில் இருப்பதும் பாஸ்போர்ட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து எழுதியிருந்தால் இங்கேயும் அப்படியே. ஆதாரைப் பார்த்து நிரப்பாதீர்கள்.

விசா விஷயத்தில் எங்கள் அபிப்பிராயம் உறுதியானது. ரீஃபண்ட் இல்லாத ரயில் டிக்கெட்டை விசா கைக்கு வருவதற்கு முன் வாங்காதீர்கள், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும். பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். சீக்கிரம் விண்ணப்பித்தால் மலிவு டிக்கெட் தீர்வதற்குள் விசா வந்துவிடும். கடைசி மாதத்தில் ஓடுகிறவர்களுக்குத்தான் இரண்டும் கைநழுவுகிறது.

இனி எங்கள் வழக்கம். நாங்கள் போடும் டிக்கெட்டில் ரயில்வேயின் கட்டணம் ஒரு வரி, எங்கள் சேவைக் கட்டணம் ஒரு வரி, தனித்தனியாக எழுதுவோம். ரயில்வேயின் சொந்தப் பதிவு எண்ணை உங்களிடம் கொடுத்துவிடுவோம். டிக்கெட்டை ரயில்வே செயலியில் திறந்து பார்க்கவும் கவுன்டரில் காட்டவும் அந்த எண்தான் உதவும். வேறு யாரிடம் வாங்கினாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அங்கே வாங்க வேண்டாம். ஒரே நாட்டுக்குள் ஒன்றிரண்டு ரயில் என்றால் எங்களிடம் கொடுக்காமல் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தால் பணம் கட்டும் முன் திரையைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டுக்குப் போகிறவர்கள் கவனிக்க: ஐரோப்பாவின் ரயில் கால அட்டவணை ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் இரண்டாவது ஞாயிறு வாக்கில் மாறும். அந்தத் தேதிக்கு மேற்பட்ட சில ரயில்களுக்கு விற்பனை தாமதமாகத்தான் திறக்கும். தேடும்போது ரயிலே காட்டவில்லையென்றால் தீர்ந்துவிட்டது என்று பதறி வேறு வழிக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் தேதிகளையும் பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் எங்களிடம் கொடுத்து வையுங்கள், விற்பனை திறந்ததும் அழைக்கிறோம்.

அன்புடன்,
உங்கள் பயண ஏற்பாட்டாளர்கள்,
கோவை