அண்ணே, லேத்த நான் எடுத்துக்கறேன்

டர்னர் அண்ணே,

நீங்க போய் இன்னையோட ஒரு வருஷம். உங்க தம்பி போன் பண்ணான், நீங்க இரும்பு கடைஞ்ச லேத் மிஷின சும்மா போட்டா துரு ஏறிடும் வித்துடலாமான்னு கேட்டான், நான் யோசிக்காம நானே எடுத்துக்கறேன்னுட்டேன். ஏன் சொன்னேன்னு அப்புறம் ராத்திரி பூரா முழிச்சுக்கிட்டு யோசிச்சேன்.

அந்த பம்ப் ஷாஃப்ட்தான் ஞாபகம் வந்துச்சு. பேரிங் உட்கார்ற இடம் 40 மில்லிமீட்டர். நீங்க வெளிய போயிருந்தீங்க, வர்றதுக்குள்ள முடிச்சுக் காட்டணும்னு எனக்கு வெறி. கடைசி கட் போட்ட கையோட மைக்ரோமீட்டர வச்சேன், சரியா 40.00. ஜாப, அதான் கடைஞ்ச ஷாஃப்ட்ட, தொட்டா கை சுட்டுச்சு, ஆனா அளவு வந்த சந்தோஷத்துல அதெல்லாம் தோணவே இல்ல. மறுநாள் காலைல பேரிங்க போட்டா தட்டாமலே வழுக்கிக்கிட்டு உள்ள போகுது. திரும்ப அளந்தா 39.98. ஆறினதும் சுருங்கியிருக்கு, 40 டிகிரி சூடு குறைஞ்சா அவ்வளவு வரும்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நீங்க திட்டல. வந்த பார்ட்டிகிட்ட "அளவு நான்தான் தப்பா எடுத்துட்டேன், வேற போட்டுத் தர்றேன்"னீங்க. மெட்டீரியல் காசும் உங்க கையிலிருந்துதான் போச்சு.

ஆனா அதுக்கப்புறம் ரெண்டு நாள் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல. அது எவ்வளவு வலிச்சுதுன்னு உங்களுக்குத் தெரியாது. மூணாவது நாள் ஒரு ராடை கையில குடுத்து "ஃபேசிங் போடு"ன்னீங்க, முனைய மட்டமாக்கற வேலை, அவ்வளவுதான். ஆறு வருஷத்துல ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, "நல்லா பண்ணியிருக்கடா"ன்னு சொல்லியிருக்கலாம்ல? மத்தவங்ககிட்டல்லாம் சொல்லியிருக்கீங்க, பையன் கை சுத்தம்னு. நீங்க போனப்புறம் யார் யாரோ வந்து எங்கிட்ட சொல்றாங்க. நான் அத வச்சுக்கிட்டு இப்ப என்ன பண்றது?

கம்ப்யூட்டர்ல ஓடற சிஎன்சி மிஷின் கம்பெனிக்குப் போனது தப்புன்னு இன்னைக்கும் எனக்குத் தோணல. வீட்டு நெலம அப்படி, அது உங்களுக்கே தெரியும். ஆனா உங்ககிட்ட நேர்ல சொல்லாம சாவிய தம்பிகிட்ட குடுத்துட்டுப் போனது தப்பு. உங்க முன்னாடி நின்னு சொன்னா போகமாட்டேன்னு பயம். மன்னிச்சுடுங்கண்ணே. நம்ம ரெண்டு பேருக்கும் இருந்த அந்தக் கணக்கு விஷயத்த இங்க எழுதல, அக்காவும் படிப்பாங்க, சொந்தக்காரங்களும் படிப்பாங்க. நான் சொன்ன மாதிரியே அத முடிச்சுட்டேன்னு மட்டும் தெரிஞ்சுக்குங்க.

கடைசியா போன்ல பேசினப்போ இடது தோள்பட்டை வலிக்குதுன்னீங்க. வேலை ஜாஸ்தியா இருக்கும், ரெஸ்ட் எடுங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டேன். டாக்டர்ட்ட போங்கன்னு ஏன் எனக்கு வாய் வரல? உங்களுக்கும்தான் கோவமா கேக்கறேன், கட் போடறப்போ லேசா அதிர்ந்தாலே வாசல்ல நின்னுக்கிட்டு "டூல் நீட்டிக்கிட்டிருக்கு, உள்ள தள்ளிப் பிடி"ன்னு கத்துவீங்க. அந்த வலிய மட்டும் எப்படிண்ணே நாலு நாள் சும்மா விட்டீங்க? அக்கா கெஞ்சினாங்களாமே. அன்னைக்கும் வேர்த்து ஊத்த ஊத்த ஜாப முடிச்சுட்டுத்தான் உட்கார்ந்தீங்கன்னு சொன்னாங்க.

நேத்து போய் மிஷின துடைச்சேன். கடைசியா ஓட்டின எம்எஸ் (மைல்ட் ஸ்டீல்) ராடோட சுருள் இன்னும் ட்ரேல கெடக்குது, நீளமா, நீலம் பாஞ்சு. அத எடுத்துப் போட மனசு வரல. ராடைப் பிடிக்கற சக்க முறுக்கற சக் கீ ஆணியில தொங்குது, சக்குல ஒருநாளும் விட்டதில்லல்ல நீங்க. ஒரு ராடை மாட்டி ஓட்டிப் பாத்தேன். டூல முன்னாடி பின்னாடி நகர்த்தற க்ராஸ் ஸ்லைடுல ப்ளே, அந்த லூசு ஆட்டம், நெறைய இருக்கு. கைப்பிடிய பின்னாடி நல்லா சுத்திட்டு முன்னாடி வந்துதான் கட் குடுக்கறேன், நீங்க சொல்லிக்குடுத்த மாதிரியேதான், ஆனாலும் எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு அளவு வருது. இதே மிஷின்லதான நீங்க ஒரு நூல் பிசகாம எடுத்தீங்க? கையில வேற என்னமோ பண்ணியிருக்கீங்க, அத எனக்குக் காட்டாமயே போயிட்டீங்கண்ணே.