ஜீப்பைத் தெருமுனையிலேயே நிறுத்து

கண்ணு,

நேற்று ராத்திரி நீ போனில் பேசியதிலிருந்து மனசு அங்கேயே இருக்கிறது. மூன்று மாதமாக ஊர் ஊராகப் போய் நோட்டீஸ் கொடுத்து, மைக் கட்டிப் பேசி, வீடியோ போட்டுக் காட்டியும், வாரக்கணக்கில் இருமுகிறவர்கள்கூட காசநோய்க்கான சளிப் பரிசோதனைக்கு வர மாட்டேன் என்கிறார்கள், "இந்த ஜனங்க மாறவே மாட்டாங்க நைனா" என்றாய். இதையே நானும் சொல்லியிருக்கிறேன், 1985ல், குடியாத்தம் பக்கத்துக் கிராமங்களில் தொழுநோய்க் கணக்கெடுப்புக்கு சைக்கிள் மிதித்த காலத்தில். அதனால்தான் போனில் சொல்லாமல் உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்தக் காலத்தில் நம்ம பக்கம் தொழுநோய் அதிகம். கரிகிரி ஆஸ்பத்திரி 1955ல் வந்ததே அதற்காகத்தான். அதற்கும் முன்னாலேயே வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்திக் காட்டினார். கிருமி விரலைத் தின்பதில்லை, மரத்துப்போன கைக்கு சூடும் காயமும் தெரியாததால்தான் விரல் வீணாகிறது என்று எடுத்துச் சொன்னவரும் அவர்தான். 1982ல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்தைச் சொன்னது. மருந்துதான் வந்துவிட்டதே, ஜனங்கள் ஓடி வருவார்கள் என்று நினைத்தோம். வரவில்லை.

நாங்கள் ஒட்டிய படங்களில் விரல் இல்லாத கைதான் பெரிதாக இருக்கும். ஆனால் ஆரம்பத்தில் இந்த நோய் தேமல் மாதிரி வெளுத்த ஒரு திட்டு, தொட்டால் உணர்ச்சி இருக்காது, அவ்வளவுதான். முதுகில் அந்தத் திட்டோடு இருக்கிறவன் படத்தைப் பார்த்துவிட்டு "இது நமக்கில்ல" என்று போய்விடுவான், இல்லாவிட்டால் பயந்துபோய் வெயில் காலத்திலும் சட்டையைக் கழற்ற மாட்டான். முற்பிறவிப் பாவம், பெருவியாதி என்று ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருந்த ஊருக்கு நாங்களும் எங்கள் பங்குக்குப் பயத்தைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

ஒன்றை உன்னிடம் இதுவரை சொன்னதில்லை. ஒரு வீட்டில் கல்யாணம் நிச்சயமான பெண். இரண்டு திட்டுதான், மருந்து எடுத்தால் சுத்தமாகப் போய்விடும். நான் தொழுநோய்க் கட்டுப்பாடு என்று எழுதின ஜீப்பில் போய் நேராக அவர்கள் வாசலில் இறங்கினேன். அடுத்த வாரமே சம்பந்தம் முறிந்துவிட்டது. அவளுடைய அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை, கதவைச் சாத்திக்கொண்டார். இன்றைக்கும் அந்தக் கதவு கண்ணில் நிற்கிறது. அதற்கப்புறம் நான் ஜீப்பில் எந்த வாசலுக்கும் போனதில்லை. சைக்கிளைக் கோயில் பக்கம் விட்டுவிட்டு, நெசவுக் கூலி விசாரிக்க வந்தவன் மாதிரி நடந்து போவேன்.

மருந்திலும் சங்கடம் இருந்தது. அந்தக் கூட்டு மருந்தில் ஒன்றான குளோபசிமின் சாப்பிட்டால் தோல் கறுக்கும், எதிர்வீட்டுக்காரி கேட்பாள், உடனே மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். நிறம் கொஞ்ச காலத்தில் திரும்பிவிடும் என்று முதல் நாளே சொன்ன வீடுகளில் நிறுத்தவில்லை, சொல்லாத வீடுகளில் நிறுத்தினார்கள்.

அப்புறம் எது வேலை செய்தது என்றால், தண்ணீர். யார் வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அந்தத் திண்ணையில் உட்கார்ந்து, தெரு பார்க்க, "ஒரு சொம்பு தண்ணி குடும்மா" என்று கேட்டு வாங்கிக் குடிப்பேன். முதல் தடவை கொடுக்கவே தயங்குவார்கள், "எங்க வீட்லயா சார்?" என்பார்கள். நாலு தடவை குடித்தபின் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து உட்காருவார். அவர் குடித்துவிட்டால் அந்தத் தெருவில் என் வேலை பாதி முடிந்த மாதிரி. வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது நம் ஜனங்களுக்கு யாரும் நோட்டீஸ் அடித்துக் கற்றுக்கொடுத்ததில்லையே. ஒதுக்கிவைத்ததும் அதே ஊர்ப் பழக்கம்தான், திரும்பச் சேர்த்துக்கொண்டதும் அதே பழக்கம்தான். உன் ஆயாவே முதலில் என்னைத் தோட்டத்தில் குளித்துவிட்டுத்தான் உள்ளே வரச்சொல்வார், பிற்பாடு தானே வீடு வீடாகப் பெண்களிடம் திட்டு இருக்கிறதா என்று கேட்டு எனக்குச் சொல்லி அனுப்பினார்.

சட்டம் ரொம்ப மெதுவாக வந்தது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்கச் சொன்ன 1898ஆம் வருஷத்துச் சட்டம் 2016ல்தான் ரத்தானது. தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கலாம் என்பதை 2019ல்தான் எடுத்தார்கள். அதற்கு எத்தனையோ வருஷம் முன்பே குடியாத்தம் பக்கத்தில் சில தெருக்கள் அதைத் தாண்டிவிட்டன.

அதனால் ஜனங்கள் மேல் கோபப்படாதே. உங்கள் வண்டியில் காசநோய் என்று பேனர் கட்டியிருக்கிறதா? அப்படியென்றால் தெருமுனையிலேயே நிறுத்தச் சொல். சளி டப்பாவை எல்லோர் எதிரிலும் கொடுக்கிறீர்களா, பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் ஓர் இடம் கேட்டுப் பார். சிகிச்சை முடிந்து குணமானவர் யாராவது அந்த ஊரிலேயே இருப்பார், அவர் சம்மதித்தால் அவர் வீட்டுத் திண்ணையில் கூட்டத்தை வை, மைக் வேண்டாம்.

வைகாசி 1ஆம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இந்த முறையாவது வந்துவிடு. சொன்னேனே, கதவைச் சாத்திய அம்மா, அவருடைய மகளுக்குப் பின்னால் நல்லபடியாகக் கல்யாணம் ஆகி, இப்போது அவளுடைய பேரனுக்குக் காதுகுத்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகையை அந்தப் பெண்ணே கொண்டுவந்து கொடுத்தாள். சிரசு முடிந்த மறுநாள்தான் விசேஷம், சேர்ந்தே போகலாம்.

உன் நைனா