ஆசியக் கூடைப்பந்தாட்டக் கிண்ணம்: ஒரு மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

ஆசியக் கூடைப்பந்தாட்டக் கிண்ணம் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வெளியான குறிப்பை வாசித்தேன். அவுஸ்திரேலியா சேர்க்கப்பட்ட நாள் முதல் அத்தொடர் சுவை கெட்டுப்போய்விட்டது என்று அதில் எழுதப்பட்டிருந்தது. அதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

2017 பெய்ரூட், 2022 ஜகார்த்தா, 2025 ஜித்தா ஆகிய மூன்று தொடர்களிலும் அவுஸ்திரேலியாவே சம்பியன் என்பது உண்மைதான். ஆனால் பெய்ரூட்டில் ஈரானை 79–56 என்று இலகுவாக வென்ற அந்நாடு, ஜகார்த்தாவில் லெபனானை 75–73 என்றும், ஜித்தாவில் சீனாவை 90–89 என்றும்தான் வெல்ல முடிந்தது. ஜித்தா இறுதிப்போட்டி நடந்த இரவு, என்னிடம் பயிற்சி பெறும் பிள்ளைகள் ஆறேழு பேர் எங்கள் வீட்டு விறாந்தையில், தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்த ஒரு கைத்தொலைபேசியைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். கடைசி நிமிடங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் மனைவி கொண்டுவந்து வைத்த பால்தேநீர் ஆடை படர்ந்து ஆறிப்போயிற்று.

ஒரே நாடு தொடர்ந்து வெல்வது இத்தொடருக்குப் புதிதன்று. 1960 இல் மணிலாவில் தொடங்கி 1973 வரை நடந்த ஏழு தொடர்களில் பிலிப்பைன்ஸ் நான்கையும், ஜப்பான் இரண்டையும், தென் கொரியா ஒன்றையும் வென்றன. 1975 இல் பாங்கொக்கில் சீனா முதன்முதலாகக் களமிறங்கியது. வந்த முதல் முறையே கிண்ணத்தையும் எடுத்துச் சென்றது. அதிலிருந்து 1995 வரை நடந்த பதினொரு தொடர்களில் பத்து சீனாவுக்கே போயின. தப்பிய ஒன்று, 1985 ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூரில் தொடங்கிப் புத்தாண்டு பிறந்த பின் முடிந்த தொடர். அதைப் பிலிப்பைன்ஸ் வென்றது. இருபது ஆண்டுகளில் ஒரேயொரு தடவை! அன்றைய நிலையோடு ஒப்பிட்டால், அவுஸ்திரேலியாவின் மூன்று கிண்ணங்களைக் கண்டு நாம் இவ்வளவு சோர்ந்துபோக வேண்டியதில்லை.

அந்தச் சீனாவையும் வீழ்த்த ஆட்கள் வந்தார்கள். 1997 இல் றியாத்தில் தென் கொரியா வென்றது. யாவோ மிங் ஆடிய காலத்தில் மறுபடியும் சீனாவின் கை ஓங்கியது. அதன் பின் ஹமெட் ஹடாடியை நடுவில் நிறுத்தி ஈரான் 2007, 2009, 2013 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் கிண்ணத்தைச் சுவீகரித்தது. 2007 இல் சீனா தன் முன்னணி அணியை அனுப்பவில்லை, ஆகவே ஈரானின் வெற்றி பெரிதன்று என்று அப்போது பேசியவர்கள் உண்டு. அவர்களுக்கு 2009 இல், சீனாவின் தியான்ஜின் நகரிலேயே, சீன ரசிகர்களின் கண்முன்னே 70–52 என்று ஈரான் விடை சொன்னது. ஆசியக் கூடைப்பந்தாட்டத்தில் நான் மிக உயர்வாக மதிக்கும் வெற்றி அதுவே.

இத்தொடரின் மதிப்பு ஓரளவு குறைந்திருக்கிறது என்றால், அதற்குக் காரணம் வேறு. 2015 இல் சாங்ஷாவில் வென்ற சீனா, அந்த வெற்றியின் பலனாக நேரே றியோ ஒலிம்பிக்குக்குத் தெரிவானது. 2017 இலிருந்து உலகக் கிண்ணத்துக்குத் தனியான தகுதிகாண் போட்டிகள் நடப்பதால், ஆசியக் கிண்ணத்தை வென்றாலும் உலகக் கிண்ணத்துக்கோ ஒலிம்பிக்குக்கோ நேரடி நுழைவுச்சீட்டுக் கிடைப்பதில்லை. ஆகவே பல நாடுகள் தம் சிறந்த வீரர்களை அனுப்புவதில்லை. அவுஸ்திரேலியாவும், அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்தாட்டத் தொடரான என்.பி.ஏ.யில் ஆடும் தன் வீரர்களில் பெரும்பாலோர் இல்லாமலே வருகிறது. தங்கள் குறிப்பு இதைப் பற்றி எழுதியிருந்தால் நானும் உடன்பட்டிருப்பேன்.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. இத்தொடர் தெற்காசியாவில் ஒரேயொரு தடவைதான், 1981 இல் கல்கத்தாவில், நடந்திருக்கிறது. நேரில் பார்க்க வாய்ப்பில்லாத எங்கள் பிள்ளைகளுக்குப் பத்திரிகைதான் அதை அருகில் கொண்டுவர வேண்டும். வலைப்பந்தாட்டத்தில் 2018 இல் இலங்கை ஆசியச் சம்பியனானபோது தர்ஜினி சிவலிங்கத்தின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டித் தங்கள் கொப்பிகளில் ஒட்டிவைத்த பிள்ளைகளை நான் அறிவேன். அடுத்த ஆசியக் கிண்ணத்தின்போது இறுதி முடிவை மட்டும் இரண்டு வரியில் போடாமல், ஆரம்பச் சுற்றிலிருந்தே ஒவ்வொரு ஆட்டத்தின் கால்பகுதிப் புள்ளிகளையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
யாழ்ப்பாணம்.