கோத்தகிரியிலிருந்து ஒரு கடிதம்: ஜூலிக்கு வீடு தேடுகிறேன்

அன்புள்ள சிநேகிதிக்கு,

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. இங்கே ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஊட்டிக்கு ஆனி, ஆடி மழை என்றால் கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான். கரண்ட் வருவதும் போவதுமாக இருக்கிறது. இன்றைக்குத்தான் வானம் கொஞ்சம் வெளுத்தது, பேனாவை எடுத்துவிட்டேன்.

முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு ஆறியது. வலிக்கிறதென்று பிசியோதெரபியை விட்டுவிடாதே. வீட்டுக்காரருக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். அவரைத் தினமும் நடக்க வைத்தவள் நீ. அந்தப் பெருமை உனக்குத்தான்.

இனி ஜூலி விஷயம். நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். 'வாயில்லாத ஜீவனைப் பட்டினி போடுகிறாயாமே' என்பது ஒன்று. 'இவ்வளவு பிரியம் வைத்துவிட்டு ஏன் இன்னொருத்தருக்குக் கொடுக்கிறாய்' என்பது இன்னொன்று. இரண்டுக்கும் முழுசாகப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஜூலி லாப்ரடார் இன நாய். ஆறு வயது இருக்கும் என்று டாக்டர் பல்லைப் பார்த்துச் சொன்னார். அவளை வளர்த்தவர் தனியாக இருந்த ஒரு பெரியவர். அவர் போன பிறகு பிள்ளைகள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போய்விட்டார்கள், நாய் கேட்டுக்கு வெளியே நின்றது. விலங்கு நல அமைப்புக்காரர்கள் மீட்டுக்கொண்டு வந்தபோது அவர்கள் இடத்தில் ஒரு மூலைகூடக் காலி இல்லை. நல்ல வீடு அமையும் வரை என் வீட்டில் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள், சரி என்றேன். இதை ஃபாஸ்டர் என்கிறார்கள். தீவனமும் மருந்தும் அவர்கள் செலவு, வீடும் கவனிப்பும் என்னுடையது.

வந்தபோது 41 கிலோ. வாசல் படி ஏறுவதற்குள் நின்று நின்று மூச்சு வாங்கினாள். தலையைத் திருப்பித் தன் இடுப்பை நக்கிக்கொள்ள அவளால் முடியாது, அதனால் அந்த இடத்தில் ரோமம் சிக்குப் பிடித்துப் புண்ணாகியிருந்தது. படுத்தால் எழ மனசு வராது. தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாய்க்கு எடை கூடும் என்பதால் டாக்டர் முதலில் ரத்தம் எடுத்துப் பார்த்தார். அதில் குறை இல்லை. தின்ற தீனிதான் அத்தனையும்.

அந்தப் பெரியவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சாயங்காலம் டீ குடிக்கும்போது வர்க்கியை நனைத்து அவருக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று என்று கொடுப்பாராம். அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதை. நம் ஊர் வர்க்கி எப்படிப்பட்டது என்று உனக்கே தெரியும், மைதாவும் நெய்யும் டால்டாவும்தான். ராத்திரி பால் சோறு, ஞாயிறானால் கோழித்தோல். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத மனுஷர், இருந்ததைப் பங்கு போட்டிருக்கிறார். நாமும் பிள்ளைகளை அப்படித்தானே வளர்த்தோம்? தட்டு காலியாவதற்குள் இன்னொரு கரண்டி வைப்பதுதான் நமக்குப் பாசம். ஜூலி அந்தப் பாசத்தில்தான் மூச்சு முட்டிப்போனாள்.

இதில் அவள் குற்றமும் இல்லை. லாப்ரடார்களுக்குப் பசி அடங்காததற்குப் பிறவியிலேயே ஒரு காரணம் உண்டு. 2016-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்தார்கள்: ஏறக்குறைய நாலில் ஒரு லாப்ரடாருக்குப் பசியைக் கட்டுப்படுத்தும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை. வயிறு நிறையத் தின்றாலும் அடுத்த வேளைக்குள் மற்ற நாய்களைவிட அதிகமாகப் பசிக்கும். ஜூலிக்கு அப்படியா என்று யாரும் சோதித்ததில்லை. ஆனால் அவள் சோற்றுப் பானையைப் பார்க்கிற பார்வையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும், கோபம் வராது.

பட்டினி போடுவதாக உனக்கு யார் சொன்னார்களோ, அவர்களிடம் இதைச் சொல். பட்டினி போட்டு இளைக்க வைத்தால் கொழுப்போடு சதையும் கரைந்துபோகும். வாரத்துக்கு உடல் எடையில் நூற்றுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு பங்குதான் குறையலாம். 41 கிலோ நாய்க்கு அது 400 முதல் 800 கிராம். அவள் இருக்கவேண்டிய எடை 30 கிலோ, அதற்குத் தகுந்தபடி நாளுக்கு 900 கலோரி என்று டாக்டர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். காலை, மாலை இரண்டு வேளை. தீவனத்தைக் கிண்ணத்தால் அள்ளுவதில்லை, தராசில் நிறுத்துப் போடுகிறேன். தட்டு நிறைந்து தெரிய வேகவைத்த பீன்ஸ், கேரட், மேரக்காய். உப்பு கிடையாது, வெங்காயம் ஆகவே ஆகாது. திராட்சையும் கிஸ்மிஸும் நாய்க்கு விஷம், சிறுநீரகத்தையே கெடுத்துவிடும். உங்கள் வீட்டுப் பேரன் தெருநாய்க்குக் கேக் போடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அவனுக்கு இதைச் சொல்லிவை. பக்கத்து வீட்டுப் படகர் அம்மா தன் தோட்டத்து பீன்ஸைப் பறித்து ஜூலிக்கென்றே தனியாக எடுத்து வைக்கிறார்.

எடை பார்ப்பது காய்கறி மண்டியில். கேரட் மூட்டை நிறுக்கிற தராசில் அவளை ஏற்றி நிறுத்துவோம். மண்டிப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு முள் எங்கே நிற்கிறதென்று பார்க்க வருவார்கள். முதலில் பிஸ்கட் நீட்டிக்கொண்டிருந்தவர்கள், விஷயம் புரிந்ததும் கேரட் துண்டுக்கு மாறிவிட்டார்கள். இப்போது 35 கிலோ. படிகளில் நிற்காமல் ஏறுகிறாள். தன் இடுப்பைத் தானே நக்கிக்கொள்கிறாள், புண் ஆறிவிட்டது.

நடைக்கு வெயில் இருக்கும்போதே போய்விடுவோம். பொழுது சாய்ந்தால் தேயிலைத் தோட்டத்தில் சிறுத்தை நடமாட்டம், அது நாயைத் தேடித்தான் வீட்டோரம் வருகிறது. கரடியும் உண்டு. ஓட முடியாத நாயை இந்த ஊரில் ராத்திரி வெளியே விடுவது கொலைக்குச் சமம்.

கஷ்டமான நேரம் நாலு மணிதான். டீ கொதிக்கிற வாசனை வந்ததும் என் நாற்காலிப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவாள். அந்தப் பெரியவரோடு உட்கார்ந்த பழக்கம். வந்த புதிதில் அந்த முகத்தைப் பார்த்து டீயே இறங்காது. இப்போது அந்த நேரத்தில் சீப்பை எடுத்து ரோமம் வாருகிறேன். கழுத்தில் தொடங்கி வால் வரைக்கும், அவசரமில்லாமல். கண்ணை மூடிக்கொண்டு என் மடியில் தாடையை வைத்துக்கொள்கிறாள். வர்க்கி எங்கே என்று இப்போதெல்லாம் தேடுவதில்லை. அவள் கேட்டது மனுஷர் பக்கத்தில் இருப்பதைத்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இது எதற்கு இவ்வளவு சிரமம் என்று நினைக்காதே. 48 லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்த ஒரு ஆராய்ச்சி 2002-இல் வந்தது. ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி சேர்த்து, ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைத்துப் போட்டு வளர்த்தார்கள். குறைவாகத் தின்றவை ஏறக்குறைய இரண்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு வலியும் அவற்றுக்குத் தள்ளித்தான் வந்தது. நாய்க்கு இரண்டு வருஷம் என்பது சின்ன விஷயமா?

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். என் வீட்டில் ஒரு நாய்க்குத்தான் இடமும் தெம்பும் உண்டு. ஜூலியை நானே வைத்துக்கொண்டால் அடுத்து கேட்டுக்கு வெளியே நிற்கிற நாய்க்கு இந்தக் கதவு மூடிவிடும். நடக்க முடியாமல் வந்தவளை நடக்க வைத்து, நம்பிக்கையான கையில் ஒப்படைப்பதுதான் நான் ஏற்றுக்கொண்ட வேலை. அவள் போகும் அன்று அழுவேன், அதிலென்ன? பெண்ணைக் கட்டிக்கொடுத்தபோதும் அழுதோமே.

கேட்டு வந்தவர்கள் உண்டு. ஒருவர் குட்டி எடுக்க வேண்டும் என்றார். கருத்தடை ஆகிவிட்டது என்றதும் போனை வைத்துவிட்டார். இன்னொரு வீட்டில் காவலுக்குக் கேட்டார்கள், நாள் முழுக்கச் சங்கிலி என்று தெரிந்ததும் நான் சம்மதிக்கவில்லை.

உன் அண்ணன் மகன் கோயம்புத்தூரில் நாய் தேடுகிறான் என்று எழுதியிருந்தாயே, அதனால்தான் கேட்கிறேன். அவன் வீடு தரைத்தளமா? பகலில் ஆள் இருப்பார்களா? தினமும் இரண்டு வேளை நடத்திக் கூட்டிப்போக முடியுமா? கீழே உள்ள வெயிலைப் பருத்த நாய் தாங்காது. அதனால் எடை 30 கிலோவுக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் அனுப்புவேன், பங்குனி, சித்திரையில் கட்டாயம் அனுப்பமாட்டேன். தீவனத்தை நிறுத்துத்தான் போட வேண்டும், வீட்டில் பாட்டி, தாத்தா இருந்தால் அவர்களும் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். முதலில் ஒரு தடவை குடும்பத்தோடு இங்கே வந்து அவளோடு ஒரு பகல் இருந்து பார்க்கட்டும். சாப்பாடு நம் வீட்டில்தான்.

காலையில் ஏழிலிருந்து ஒன்பது வரை எனக்கு சிக்னல் நன்றாக இருக்கும். அவனையும் அவன் மனைவியையும் சேர்ந்தே பேசச் சொல்.

அன்புடன்,
உன் கோத்தகிரிக்காரி